முதல் பிரிஆம்ப் கட்டுகிறீர்களா? பவர் சப்ளையிலிருந்து ஆரம்பியுங்கள்

பிரிஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் நின்று, கருவியைத் தேர்ந்தெடுத்து ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கட்டப் போகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) நல்லது?" என்றுதான். அடுத்த கேள்வி கெப்பாசிட்டர் பிராண்டைப் பற்றி இருக்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து ரெக்டிஃபையருக்கு (ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடுகள்) போகும் வயரை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் எல்லாம் கட்டி முடித்து, ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தால் ஒரு "உம்ம்ம்" (ஹம்) கேட்கும் பாருங்கள், அது பெரும்பாலும் அந்த வயரிலிருந்தும் அதன் எர்த்திலிருந்தும்தான் வருகிறது. ஆப்-ஆம்பை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது.

இந்தக் கட்டுரையில் ஒரு எளிய ஸ்டீரியோ லைன் பிரிஆம்பை எடுத்துக்கொள்வோம். ஆப்-ஆம்ப், பிளஸ் 15 மைனஸ் 15 வோல்ட், ஒரு வால்யூம் கண்ட்ரோல், அவ்வளவுதான். விலையுயர்ந்த ஹை-எண்ட் பிரிஆம்புகளில் இருக்கும் தனிப்பெட்டி சப்ளை, டிஸ்கிரீட் சர்க்யூட் (சிப் இல்லாமல் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் கட்டியது), தனித்தனி ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலையாக வைப்பது) எல்லாம் எதற்காக என்பதும் இதைக் கட்டும்போதே புரிந்துவிடும்.

தொடங்கும் முன் ஒன்று. டிரான்ஸ்பார்மரின் பிரைமரி பக்கம் உயிரைக் குடிக்கும் மின்சாரம். அந்தப் பக்க இணைப்புகள் அத்தனையையும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள், ஃப்யூஸை லைவ் வயரில் வையுங்கள், உலோகப் பெட்டியைப் பாதுகாப்பு எர்த்துடன் தனி போல்ட், நட்டால் முறுக்கி இணையுங்கள். ஹம் வருகிறது என்பதற்காக அந்த எர்த்தைக் கழற்றிவிடச் சொல்லும் ஆலோசனை எங்கே கண்ணில் பட்டாலும் அதைப் பின்பற்றாதீர்கள். வால்வு பிரிஆம்பில் 250 வோல்ட், அதற்கு மேலும் டி.சி. இருக்கும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

1. எவ்வளவு கெயின் (பெருக்கம்) வேண்டும்?

டி.ஏ.சி. (டிஜிட்டலை ஆடியோ சிக்னலாக்கும் கருவி), சி.டி. பிளேயர் இவற்றின் முழு வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். பவர் ஆம்புகளில் பெரும்பாலானவை 1 முதல் 2 வோல்ட் உள்ளே வந்தாலே முழுத் திறனையும் கொடுத்துவிடும். கணக்குப்படி பார்த்தால் கெயினே தேவையில்லை. மெல்லிய ஒலிப்பதிவுகளுக்காக 6 முதல் 10 டெசிபல் வரை வைத்துக்கொண்டால் போதும்.

பழைய வடிவமைப்புகளைப் பார்த்து 20 டெசிபல் வைத்துவிடுபவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே அறை அதிரும். குமிழ் எப்போதும் தொடக்கத்திலேயே கிடக்கும். சாதாரண இரட்டை பொட்டென்ஷியோமீட்டரில் இடது வலது பொருத்தம் மிக மோசமாக இருப்பது அந்த இடத்தில்தான். அங்கே 2, 3 டெசிபல் வித்தியாசம் சர்வசாதாரணம். பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்து நிற்பார்.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லி வோல்ட் அளவுதான். 1 கிலோ ஹெர்ட்ஸில் சுமார் 40 டெசிபல் கெயின், கூடவே ஆர்.ஐ.ஏ.ஏ. ஈக்வலைசேஷன் (ரெக்கார்டில் குறைத்துப் பதிந்த பாஸை ஏற்றி, ஏற்றிப் பதிந்த டிரெபிளைக் குறைப்பது) வேண்டும். அதை இரண்டாவது புராஜெக்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. சிக்னல் போகும் பாதை

உள்ளே வரும் சாக்கெட்டில் ஆரம்பிப்போம். முதலில் ரேடியோ அலைகளைத் தடுக்கத் தொடரில் 470 ஓம், அதன் பின் தரைக்கு (கிரவுண்ட், அதாவது சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் புள்ளிக்கு) 220 பிகோ ஃபாரட். இது 1.5 மெகா ஹெர்ட்ஸ் அருகே வெட்டும், ஆடியோவைத் தொடாது. அடுத்து செலக்டர், அதாவது எந்தக் கருவியைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சு. முன்பலகை சுவிட்சு வரை சிக்னல் வயரை இழுப்பதைவிட, சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சிறு ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) வைத்து, முன்பலகையிலிருந்து அவற்றுக்கு டி.சி. மட்டும் அனுப்புவது சுத்தமான வழி.

அப்புறம் 10 மைக்ரோ ஃபாரட், 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், 2.2 மைக்ரோ ஃபாரட், தரைக்கு 47 கிலோ ஓம், ஆப்-ஆம்ப். கெயின் 3, அதாவது 9.5 டெசிபல். அதற்கு ஃபீட்பேக்கில் 2 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும். வெளியே போகும்போது 47 மைக்ரோ ஃபாரட், தொடரில் 100 ஓம், மியூட் ரிலே, சாக்கெட்.

வால்யூம் கண்ட்ரோலுக்கு இருபுறமும் கெப்பாசிட்டர் எதற்கு என்றால், அதன் வழியாக டி.சி. போனால் குமிழைத் திருப்பும்போது கரகரக்கும். என்.ஈ. 5532 ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் சுமார் 200 நானோ ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 47 கிலோ ஓமில் அது 9 மில்லி வோல்ட்டாகிறது, கெயினுக்குப் பிறகு 28. வெளியே இருக்கும் கெப்பாசிட்டர் அதைத் தடுத்துவிடும். ஓ.பி.ஏ. 2134 போல எஃப்.ஈ.டி. உள்ளீடு (கரண்ட் ஏறக்குறைய ஓடாத வகை) உள்ள ஆப்-ஆம்ப் போட்டால் இந்தக் கவலை ஏறக்குறைய இல்லை.

"சிக்னல் பாதையில் எலக்ட்ரோலிட்டிக்கா!" என்று பதறுபவர்களுக்கு: ஒரு கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு இடையே ஆடியோ மின்னழுத்தம் விழுந்தால்தான் அது டிஸ்டார்ஷனை உண்டாக்கும். தேவையைவிடப் பெரிதாக வைத்தால் அந்த மின்னழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். 10 கிலோ ஓம் பளுவில் 47 மைக்ரோ ஃபாரட் வெட்டுவது 0.34 ஹெர்ட்ஸில். 20 ஹெர்ட்ஸ் பாஸ் வரும்போதுகூட அதன் மேல் விழுவது மிகச் சொற்பம்.

வெளியில் உள்ள 100 ஓமை விட்டுவிடாதீர்கள். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் நேராக ஆப்-ஆம்பின் மேல் விழுந்தால் அது ஆசிலேட் ஆகலாம், அதாவது சிக்னல் இல்லாமலே தானாக அலைபாயத் தொடங்கலாம். அதே காரணத்துக்காக, ஆப்-ஆம்பின் 4-ஆம், 8-ஆம் கால்களுக்கு இடையே ஒரு 100 நானோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், முடிந்தவரை ஒட்டி, கெப்பாசிட்டரின் கால்களைக் குட்டையாக வெட்டிச் சால்டர் செய்யுங்கள். மூன்று அங்குலம் தள்ளி வைத்தால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

சரி, எந்த ஆப்-ஆம்ப்? இரைச்சல் அடர்த்தியைப் பார்த்தால் டி.எல். 072-க்கு 18 நானோ வோல்ட், 5532-க்கு 5, எல்.எம். 4562-க்கு 2.7, ஓ.பி.ஏ. 1612-க்கு 1.1. எல்லாமே ஒரு வர்க்கமூல ஹெர்ட்ஸுக்கு. கடைசியில் உள்ளதே சிறந்தது என்று தோன்றும். ஆனால் 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் நடுவில் இருக்கும்போது ஆப்-ஆம்ப் பார்ப்பது 2.5 கிலோ ஓம். அந்த ரெசிஸ்டன்ஸே வெறும் வெப்பத்தால் 6.4 நானோ வோல்ட் இரைச்சலைத் தருகிறது. ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் இன்னொரு 3.3. எல்லாவற்றையும் சேர்த்தால் 5532-உடன் மொத்தம் 9-க்குச் சற்றுக் குறைவு. ஆப்-ஆம்ப் இரைச்சலே இல்லாத அதிசயப் பொருளாக இருந்தாலும் மொத்தம் 7.2-க்குத்தான் இறங்கும். மிச்சம் 2 டெசிபல்கூட இல்லை.

20 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் கூட்டினால் உள்ளீட்டில் 1.3 மைக்ரோ வோல்ட், வெளியீட்டில் 4 மைக்ரோ வோல்ட்டுக்கும் குறைவு. 2 வோல்ட் சிக்னலுக்கு 114 டெசிபல் கீழே. இந்த 1.3 மைக்ரோ வோல்ட்டை நினைவில் வையுங்கள், பவர் சப்ளையை எடைபோட அதுதான் நமக்கு அளவுகோல்.

3. வால்யூம் கண்ட்ரோல்

நல்ல தரமான லாகரிதமிக் இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டர் முதல் பிரிஆம்புக்குப் போதும். அடுத்த படி, ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோர்த்த ஸ்டெப் அட்டெனுவேட்டர் அல்லது ரிலே ஏணி. விலையுயர்ந்த பிரிஆம்பில் குமிழைத் திருப்பும்போது உள்ளே "டிக் டிக்" என்று கேட்பது இந்த ரிலேக்கள்தான். இடது வலது பொருத்தம் இதில் ரெசிஸ்டரின் துல்லியத்தை மட்டுமே சார்ந்தது.

எனக்குப் பிடித்த வழி பீட்டர் பாக்ஸாண்டலின் ஆக்டிவ் வால்யூம் கண்ட்ரோல். அதில் பொட்டென்ஷியோமீட்டர் ஆப்-ஆம்பின் ஃபீட்பேக்குக்குள் உட்காரும். கெயின் அதன் இரு பகுதிகளின் விகிதத்தை மட்டும் பொறுத்தது என்பதால், டிராக்கின் மொத்த ரெசிஸ்டன்ஸ் இடதிலும் வலதிலும் வேறாக இருந்தாலும் பாதகமில்லை. சாதாரண லீனியர் பொட்டென்ஷியோமீட்டரே போதும். லாகரிதமிக் போன்ற வளைவு தானாகக் கிடைக்கும். குமிழைக் குறைக்கும்போது இரைச்சலும் சேர்ந்து குறையும். ஆனால் சிக்னல் தலைகீழாகும், கூடுதலாக ஆப்-ஆம்புகள் வேண்டும். முதல் பெட்டி சத்தமில்லாமல் ஓடியபின் இதற்கு வாருங்கள்.

4. டிரான்ஸ்பார்மரும் ரிசர்வாயர் கெப்பாசிட்டரும்

பிளஸ் மைனஸ் 15 வேண்டுமென்றால் 15-0-15 டிரான்ஸ்பார்மர் (நடு டேப் வயரின் இருபுறமும் 15 வோல்ட் தருவது) சரியாக வருமா? இங்கே புதியவர்கள் சராசரிக் கணக்கு மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு ஓரங்களையும் பார்க்க வேண்டும்.

மெயின்ஸ் (சுவர் மின்சாரம்) 10 சதவீதம் குறையும்போது 15 வோல்ட், 13.5 ஆகிறது. அதை 1.414-ஆல் பெருக்கினால் 19.1. ஒரு டயோடு 0.7 எடுத்துக்கொள்ளும், ரிப்பிள் (டி.சி.யின் மேல் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) கால் வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 18.1. ரெகுலேட்டருக்கு மேலே 3 வோல்ட் இருக்கிறது. எல்.எம். 317-க்கு அது போதும், ஆனால் உபரி என்று சொல்ல எதுவுமில்லை.

இனி மறு ஓரம். மெயின்ஸ் 10 சதவீதம் கூடுகிறது, பளு குறைவு. சிறிய டிரான்ஸ்பார்மர்கள் பளு இல்லாதபோது எழுதியிருப்பதைவிட 20 சதவீதம்கூட அதிகம் தரும். 15 இப்போது 19.8 ஆகி, டி.சி.யில் 27 வோல்ட்டைத் தாண்டும். "15 வோல்ட்தானே" என்று 25 வோல்ட் ரிசர்வாயர் கெப்பாசிட்டர் (ரெக்டிஃபையருக்குப் பின் மின்சாரத்தைச் சேமித்து வைப்பது) போட்டிருந்தால் அது மெல்லச் சாகும். 35 வோல்ட் போடுங்கள்.

ரிப்பிளுக்கு எளிய சூத்திரம்: கரண்டை, ரிப்பிள் அதிர்வெண்ணாலும் கெப்பாசிட்டராலும் வகுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ், 60 என்றால் 120. ஒரு 5532 சராசரியாக 8 மில்லி ஆம்பியர் குடிக்கும். நம் சர்க்யூட்டுக்குத் தாராளமாக 50 மில்லி ஆம்பியர் என்று வைப்போம். 2200 மைக்ரோ ஃபாரட்டில் ரிப்பிள் 0.23 வோல்ட். 22,000 மைக்ரோ ஃபாரட் வைத்தால் பத்தில் ஒன்றாகக் குறையுமே என்று ஆசை வரும். வைக்காதீர்கள். கெப்பாசிட்டர் பெரிதாக ஆக, அதை நிரப்பும் கரண்ட் குறுகிய, கூர்மையான துடிப்புகளாக வரும். அந்தத் துடிப்புகள்தான் பின்னால் நம்மைப் படுத்தப் போகின்றன.

5. ரெகுலேட்டர்

1976-இல் ராபர்ட் டாப்கின் வடிவமைத்த எல்.எம். 317 இன்னும் நல்ல தேர்வுதான். மைனஸ் பக்கத்துக்கு 337. வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே 120 ஓம், அட்ஜஸ்டிலிருந்து தரைக்கு 1.3 கிலோ ஓம். 15 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வரும், அது போதும். தகவல் தாளில் 240 ஓம் என்று பார்த்துவிட்டு அதைப் போடுபவர்கள் உண்டு. 317-க்குக் குறைந்தபட்சம் 10 மில்லி ஆம்பியர் வரை பளு தேவைப்படலாம். 120 ஓம் போட்டால் பளுவே இல்லாதபோதும் அது கிடைத்துவிடும்.

அட்ஜஸ்ட் காலிலிருந்து தரைக்கு 10 மைக்ரோ ஃபாரட் கட்டாயம். அது இல்லாமல் ரிப்பிள் தடுப்பு 65 டெசிபல், இருந்தால் 80. பத்து மைக்ரோ ஃபாரட்டுக்கு இவ்வளவு பலன் வேறெங்கும் கிடைக்காது. அதோடு அட்ஜஸ்டிலிருந்து வெளியீட்டுக்கு ஒரு பாதுகாப்பு டயோடு, வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு இன்னொன்று. மைனஸ் பக்கத்தில் இவை திரும்பி இருக்கும். வெளியீட்டில் 47 அல்லது 100 மைக்ரோ ஃபாரட் சாதாரண எலக்ட்ரோலிட்டிக். 337 அது இல்லாமல் நிலையாக நிற்காது. ஆனால் "இன்னும் நல்லதாக்குகிறேன்" என்று மிகக் குறைந்த ஈ.எஸ்.ஆர். (உள் ரெசிஸ்டன்ஸ்) உள்ள பெரிய ஃபிலிம் கெப்பாசிட்டரை அங்கே போடாதீர்கள். ரெகுலேட்டரின் வெளியீடு உயர் அதிர்வெண்ணில் காயில் போல நடந்துகொள்வதால் இரண்டும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒலிக்கத் தொடங்கும்.

இப்போது ஒரு பொறி. 317-உம் 337-உம் ஒரே உருவம், ஆனால் கால்கள் வேறு. எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் 317-இல் இடமிருந்து அட்ஜஸ்ட், வெளியீடு, உள்ளீடு. 337-இல் அட்ஜஸ்ட், உள்ளீடு, வெளியீடு. முதுகிலுள்ள உலோகத் தகடு 317-இல் வெளியீட்டோடும் 337-இல் உள்ளீட்டோடும் சேர்ந்தது. இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) இல்லாமல் திருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் 5.5 வோல்ட் வீழ்ச்சி, 50 மில்லி ஆம்பியர் என்றால் கால் வாட் சொச்சம்தான். ஹீட் சிங்கே தேவைப்படாது.

இதைவிட மேலான ரெகுலேட்டர்கள் இருக்கின்றன. வால்ட் ஜங் 1990-களில் வெளியிட்ட சூப்பர் ரெகுலேட்டர் ஆப்-ஆம்பைப் பயன்படுத்தி வெளியீட்டு இம்பீடன்ஸை மிகக் கீழே கொண்டுபோகிறது. எல்.டி. 3045 போன்ற புதிய சிப்புகளின் இரைச்சல் 0.8 மைக்ரோ வோல்ட்தான். 317 தருவது நூற்றுக்கணக்கான மைக்ரோ வோல்ட். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான். ஆனால் நமக்குத் தேவையா?

6. எவ்வளவு சுத்தம் போதும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரிப்பிள் 0.23 வோல்ட். 317 அதை 80 டெசிபல் குறைக்கிறது: 23 மைக்ரோ வோல்ட். 5532 சப்ளையில் வரும் குப்பையைக் கீழ் அதிர்வெண்களில் வழக்கமாக 100 டெசிபல் தள்ளிவிடும். மோசமான ஒன்று கையில் கிடைத்து 80 மட்டுமே என்று வைத்தாலும் உள்ளீட்டில் தெரிவது 2.3 நானோ வோல்ட். நம் அளவுகோல் 1.3 மைக்ரோ வோல்ட். ஐநூறில் ஒரு பங்குக்கும் கீழே. இதற்கு மேல் ரெகுலேட்டரில் கொட்டும் பணம் காதுக்கு வந்து சேராது.

இந்தக் கணக்கு ஆப்-ஆம்புக்கு மட்டும். வால்வு பிரிஆம்பில் கதையே வேறு. ஈ.சி.சி. 83 வால்வின் உள் ரெசிஸ்டன்ஸ் 62 கிலோ ஓம் அருகே, ஆனோடு ரெசிஸ்டர் 100 கிலோ ஓம் என்றால், சப்ளையில் உள்ள 1 மில்லி வோல்ட் ரிப்பிளில் 0.38 மில்லி வோல்ட் அப்படியே வெளியே வரும். தடுப்பு வெறும் 8 டெசிபல். ஃபீட்பேக் இல்லாத சிங்கிள் எண்டட் டிரான்சிஸ்டர் சர்க்யூட்டும் ஏறக்குறைய இந்த இனம்தான். ஹை-எண்ட் பிரிஆம்புகளில் அடுக்கடுக்காக ரெகுலேட்டர்கள், ஷண்ட் ரெகுலேட்டர்கள், சோக் எல்லாம் இருப்பதற்கு நியாயமான காரணம் இது. அந்தச் சர்க்யூட்டுகளுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளத் தெரியாது, சப்ளைதான் காக்க வேண்டும். அங்கிருந்து சப்ளையை மட்டும் நகலெடுத்து ஆப்-ஆம்ப் பிரிஆம்பில் வைத்துவிட்டு "இரவும் பகலும் போல மாறிவிட்டது" என்பவர்களின் பேச்சை நான் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் கேட்பேன்.

7. எர்த்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

ரிசர்வாயர் கெப்பாசிட்டரை டயோடு தொடர்ச்சியாக நிரப்புவதில்லை. ஏ.சி. அலையின் உச்சியில் மட்டும் ஒரு கணம் திறந்து, சராசரியைவிடப் பல மடங்கு கரண்டைக் கொட்டிவிட்டு மூடிக்கொள்ளும். நம் 50 மில்லி ஆம்பியர் சப்ளையிலேயே அந்தத் துடிப்பு அரை ஆம்பியர் தொடலாம்.

இப்போது 0.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை எடுங்கள். அதன் ரெசிஸ்டன்ஸ் 3.4 மில்லி ஓம். அரை ஆம்பியர் துடிப்பு அதில் போனால் 1.7 மில்லி வோல்ட் விழும். ஒரு விரல் நீள வயர்! ஆனால் நம் அளவுகோலான 1.3 மைக்ரோ வோல்ட்டைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த வயர் துண்டு சிக்னலின் தரைப் பாதையிலும் பங்குகொண்டால் 1.7 மில்லி வோல்ட்டும் இசையோடு சேர்ந்துவிடும். ரெகுலேட்டருக்கு இதில் வேலையே இல்லை, ஏனென்றால் இது சப்ளை ரெயிலில் (பிளஸ், மைனஸ் வோல்ட் போகும் பாதையில்) இல்லை, தரையில் இருக்கிறது.

ஆகவே வயரிங்கை இந்த வரிசையில் செய்யுங்கள். டிரான்ஸ்பார்மரின் நடு டேப் வயர் நேராக இரண்டு ரிசர்வாயர் கெப்பாசிட்டர்களும் சந்திக்கும் புள்ளிக்குப் போக வேண்டும். வேறெங்கும் நிற்கக் கூடாது. ரெக்டிஃபையரிலிருந்து கெப்பாசிட்டருக்குப் போகும் இணைப்புகள் குட்டையாக, தடிமனாக. டிரான்ஸ்பார்மர் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். துடிப்புகள் முழுவதும் இந்தச் சுற்றுக்குள்ளேயே ஓடி முடிந்துவிட வேண்டும்.

கெப்பாசிட்டர்களின் சந்திப்பிலிருந்து ஒரே ஒரு வயர் வெளியே கிளம்பட்டும். அது ரெகுலேட்டர் போர்டின் தரைக்குப் போகும். அட்ஜஸ்ட் ரெசிஸ்டர், வெளியீட்டுக் கெப்பாசிட்டர் எல்லாம் அங்கே தரை தொடும். அங்கிருந்து இன்னொரு வயர் ஆடியோ போர்டின் மையப் புள்ளிக்கு. இடது சேனல் தரை, வலது சேனல் தரை, ரிலே காயில்களின் தரை மூன்றும் அந்த மையத்துக்குத் தனித்தனியாக வரட்டும். ரெகுலேட்டரின் ப்ளஸ் மைனஸ் ரெயில்களையும் கெப்பாசிட்டரின் கால்களிலிருந்தே எடுங்கள். ரெக்டிஃபையருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவிலிருந்து எடுத்தால் துடிப்பையும் சேர்த்து எடுக்கிறீர்கள்.

ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள் பெட்டியைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாஷர் போட்டு மாட்டுங்கள். சிக்னல் தரையைப் பெட்டியோடு ஒரே இடத்தில் இணையுங்கள், உள்ளீட்டுச் சாக்கெட்டுக்குப் பக்கத்தில். நேராகவும் இணைக்கலாம், அல்லது 10 ஓம் ரெசிஸ்டரும் அதற்கு இணையாக 100 நானோ ஃபாரட்டும், எதிரெதிராகப் பெரிய டயோடுகளும் வைத்து இணைக்கலாம். மற்ற கருவிகளோடு தரைச் சுழல் (தரை இணைப்புகள் வட்டமாக மூடி, அதில் கரண்ட் ஓடுவது) உண்டானால் அந்த 10 ஓம் கரண்டைக் கட்டுப்படுத்தும். ஏதாவது பழுதாகிப் பெரிய கரண்ட் வந்தால் டயோடுகள் அதைத் தாங்கும். பெட்டிக்கும் பாதுகாப்பு எர்த்துக்கும் நடுவில் மட்டும் எதுவுமே வரக் கூடாது. அது வெறும் வயர்தான்.

பேலன்ஸ்டு எக்ஸ்.எல்.ஆர். (மூன்று பின் சாக்கெட்) வைப்பவர்கள் 1-ஆம் பின்னை நேராகப் பெட்டியில் இணைக்க வேண்டும், சர்க்யூட் போர்டின் தரையில் அல்ல. நீல் மன்சி 1995-இல் இதைத் தெளிவாக எழுதினார். பிறகு அது ஆடியோ பொறியாளர் சங்கத்தின் தரநிலையாகவே ஆனது. அப்படியும் இதைத் தவறாகச் செய்த கருவிகள் ஏராளம்.

8. பெட்டிக்குள் இடம்

டிரான்ஸ்பார்மர் ஒரு மூலையில், உள்ளீட்டுச் சாக்கெட்டுகள் எதிர் மூலையில். காந்தப்புலம் தூரத்தின் மும்மடியில் குறையும். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. உலோகத் தடுப்பு வாங்குவதற்கு முன் தள்ளி வைத்துப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரைத் தனிப்பெட்டியில் வைக்கும் ஹை-எண்ட் வழக்கத்தை நான் முழு மனதாக ஆதரிப்பது இதனால்தான். அப்படிச் செய்தால் ரெக்டிஃபையரையும் ரிசர்வாயர் கெப்பாசிட்டரையும் அந்தப் பெட்டியிலேயே வையுங்கள், ரெகுலேட்டர் மட்டும் பிரிஆம்ப் பெட்டியில். துடிப்புகள் கேபிளில் ஏறாது, கேபிளில் விழும் மின்னழுத்தத்தை ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

டோராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மரை நடு போல்ட்டால் திருகும்போது அந்த போல்ட்டின் மேல் முனை பெட்டியின் மூடியைத் தொடக் கூடாது. தொட்டால் போல்ட், மூடி, பக்கச் சுவர், அடித்தட்டு எல்லாம் சேர்ந்து ஒற்றைச் சுற்றுக் காயில் ஆகிவிடும், அதுவும் ஷார்ட் ஆன காயில். மூடியை மாட்டியவுடன் ஃப்யூஸ் போகிறது, கழற்றினால் நன்றாக ஓடுகிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். போல்ட்டை இறுக்கும் முன், ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ கேட்டுக்கொண்டே டோராய்டை மெல்ல வட்டமாகத் திருப்பி, ஹம் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் நிறுத்துவதும் உண்டு.

9. முதல்முறை மின்சாரம்

எல்லாவற்றையும் இணைத்துவிட்டு சுவிட்சைப் போடாதீர்கள். சப்ளையை மட்டும் தனியாக, மெயின்ஸில் ஒரு 25 அல்லது 40 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்துப் போடுங்கள். எல்.ஈ.டி. பல்பு இதற்கு ஆகாது, இழை உள்ளதுதான் வேண்டும். ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட்.

பல்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு ரெயிலிலும் 300 ஓம், 2 வாட் ரெசிஸ்டரைப் பளுவாக வைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். 50 மில்லி ஆம்பியர் ஓடும். மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா, ரெகுலேட்டர் தொடும் சூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆடியோ போர்டை இணைத்து, ஆப்-ஆம்பை சாக்கெட்டில் செருகாமல், 8-ஆம் காலில் பிளஸ் 15, 4-ஆம் காலில் மைனஸ் 15 வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். அணைத்து, கெப்பாசிட்டர்கள் வடிந்தபின் ஆப்-ஆம்பைச் செருகுங்கள். வெளியீட்டு சாக்கெட்டில் டி.சி. ஒரு சில மில்லி வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பவர் ஆம்பின் பக்கமே போகாதீர்கள்.

பெட்டியை ஆன் செய்து சில விநாடிகள் கழித்துத்தான் மியூட் ரிலே மூடி சிக்னலை வெளியே விட வேண்டும், பெட்டியை அணைத்தவுடன் அது உடனே திறக்க வேண்டும். ரிசர்வாயர் கெப்பாசிட்டர் வடியும்வரை காத்திருந்தால் "டொம்" சத்தம் முன்னாலேயே போய்விடும். அதனால் ரிலேயின் டைமரை, தனி டயோடும் சிறிய கெப்பாசிட்டரும் வைத்து, டிரான்ஸ்பார்மரின் ஏ.சி.யைப் பார்த்து இயங்கும்படி செய்யுங்கள்.

10. ஹம் வந்தால்

உள்ளீட்டு சாக்கெட்டுகளில் ஷார்ட்டிங் பிளக் செருகுங்கள். அதாவது சிக்னல் காலும் தரையும் சேர்த்துச் சால்டர் செய்த வெறும் ஆர்.சி.ஏ. பிளக். பவர் ஆம்பை மட்டும் இணைத்து, வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். வால்யூமோடு ஹம் மாறினால் பிரச்சினை குமிழுக்கு முன்னால், மாறாவிட்டால் பின்னால்.

அடுத்து சத்தத்தின் ஜாதியைக் கவனியுங்கள். வழவழவென்று ஆழமாகக் கேட்டால் அது மெயின்ஸ் அதிர்வெண்ணே: டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம், அல்லது கருவிகளுக்கிடையே தரைச் சுழல். ரம்பம் போல "ஸ்ர்ர்ர்" என்று கூர்மையாகக் கேட்டால் அது இரட்டை அதிர்வெண்ணும் அதன் ஹார்மோனிக்ஸும்: டயோடு துடிப்புகள் தரையில் கலந்திருக்கின்றன. காது ஏமாற்றலாம். கணினியின் சவுண்ட் கார்டில் இணைத்து, இலவச ஸ்பெக்ட்ரம் மென்பொருள் ஒன்றில் பார்த்தால் 50, 100, 150 என்று கோடுகள் தனித்தனியாக நிற்கும்.

ரம்பச் சத்தம் என்றால் 7-ஆம் பகுதியை மறுபடி எடுத்து, நடு டேப் வயரில் கைவைத்து அது போகும் பாதையைத் தடவிக்கொண்டே பாருங்கள். அதாவது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு. ஆழமான ஹம் என்றால், மற்ற எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எந்தக் கேபிளை மாட்டும்போது வருகிறதோ, சுழல் அந்தக் கருவி வழியாக ஓடுகிறது. எதையுமே மாட்டாதபோதும் வருகிறதென்றால் டிரான்ஸ்பார்மரின் போல்ட்டைத் தளர்த்தி, சில சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். நகர்த்தும்போது சத்தம் மாறினால் காரணம் தெரிந்துவிட்டது.